கதவு திறந்த பிறகு

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்து நப்பூதனார் பாடியது. போர்மேற் சென்ற தலைவன், அவன் வரவை எதிர்நோக்கும் தலைவி, கார்காலத்து மாலை, திரும்பிவரும் தேர் என்பவையே அதன் பொருள். வெற்றியோடு மீளும் படையின் கொம்பொலியும் சங்கொலியும் தலைவியின் செவியை நிறைக்கும் இடத்தில் பாட்டு நிறைவுக்கு வந்துவிடுகிறது. தேர் இன்னும் காட்டுவழியில்தான் விரைந்துகொண்டிருக்கிறது. தலைவன் இறங்கியதை நாம் காண்பதில்லை. கதவு திறந்ததைக் காண்பதில்லை. இருவரும் பேசிய முதற்சொல் எதுவென்றும் அறிவதில்லை.

குருமடத்தில் பயின்ற காலந்தொட்டு இப்பாட்டைப் பலமுறை படித்திருக்கிறேன். அது முடியும் இடம் எனக்கு ஒருபோதும் குறையாகத் தோன்றியதில்லை. அதை ஒரு கேள்வியாக எனக்குக் காட்டியவர் தமிழறிஞர் அல்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண்மணி. கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் நாள் கரையைக் கடந்தது. அதற்குப்பின் நான்கு மாதங்கள் கழிந்த ஒரு மாலை, அவர் குருமனைக்கு வந்தார். அவர் கணவர் பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். "பட்டாளத்திலேருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சு சாமி. ஆனா அவரு இன்னும் வீட்டுக்கு வரல" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தின் துணையோடு நம் இலக்கியத்தைத் திரும்பப் படித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. அவ்விருவரின் இசைவோடும், அவர்களை அடையாளம் காட்டும் செய்திகளை மாற்றியும் எழுதுகிறேன்.

படைவீரர் பூமி

இச்சிக்கல் கடலூருக்கு அந்நியமானதன்று. ஆங்கிலக் கும்பினியார் 1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லைவரை நிலம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். அவ்வாறு உட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. இந்தியத் தரைப்படையின் தந்தை என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து இறங்கியதும் இக்கோட்டையில்தான். அன்று தொடங்கிய தொடர்பு இன்றும் அற்றுப்போகவில்லை. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடிகள் நமக்குத் தெரியும். அந்த மாடிகளுக்குள் நள்ளிரவில் நடப்பது நமக்குத் தெரியாது.

மேற்சொன்னவர் இந்திய அமைதிப்படையில் ஒருவராக 1987இல் யாழ்ப்பாணம் சென்றவர். 1990 மார்ச்சில் அப்படை முழுவதும் திரும்பியபோது, அதன் வீரர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். இவர் உடலில் காயமின்றி வந்தார். பதக்கமும் பெற்றார். ஆனால் வீட்டில் பாத்திரம் விழுந்தால் துள்ளி எழுவார். தேர்த்திருவிழாவில் வெடி வெடிக்கும் நாளில் ஊரிலேயே இருக்கமாட்டார். மகன் எதிர்த்துப் பேசினால் தட்டு பறக்கும். பிறகு மூன்று நாள் எவரோடும் பேச்சிராது. இரவெல்லாம் திண்ணையில் அமர்ந்திருப்பார்.

நான் என்ன செய்தேன்? பொறுமையோடிருக்கும்படி சொன்னேன். ஜெபமாலையை விட்டுவிடாதீர்கள் என்றேன். தலைமேல் கைவைத்து ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன்.

நற்சொல் பலிக்காத இடம்

இங்கேதான் முல்லைப்பாட்டு என்னைக் குற்றவாளியாக்கிற்று. பாட்டின் தொடக்கத்தில் முதிய பெண்கள் நாழி நெல்லும் முல்லைப்பூவும் கொண்டு ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஓர் ஆயர்மகள், உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அதனை நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியிடம் வந்து, அவர் வருவார், கலங்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். தலைவியோ அதனை ஏற்கவில்லை. அவள் கண்ணீர் நிற்கவில்லை. நற்சொல் மட்டும் போதாத துயரம் ஒன்று உண்டு என்பதைப் பாட்டின் வாயிலிலேயே புலவர் பதிவு செய்துவிட்டார். நானும் அந்த முதுபெண்டிரின் பணியைத்தான் செய்திருந்தேன். அவர்களாவது ஊருக்கு வெளியே சென்று செவிமடுத்து வந்தனர். நான் நாற்காலியை விட்டும் எழவில்லை.

அடுத்துப் புலவர் நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். தலைவனுக்கு உறக்கம் இல்லை. போர்மேற்கொண்ட வேட்கையால் உறக்கம் இல்லை என்று காரணம் கூறுகிறார் புலவர். ஆனால் அவன் நெஞ்சில் ஓடும் காட்சிகளாக அவர் அடுக்குவன எவை? புண்பட்டுத் தம் பிடிகளையும் மறந்து வருந்தும் யானைகள். செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட வீரர். தோற்கவசத்தையும் பிளந்து அம்பு பாய்ந்ததால் செவி சாய்த்து, உணவு கொள்ளாது துவளும் குதிரைகள். வேட்கை என்பது புலவர் சொல்லும் காரணம். புண்ணும் சாவும் அவர் காட்டும் காட்சி. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் படைவீரனின் மனம் இருக்கிறது. வெளியே அவன் சொல்வது வீரம். உள்ளே அவனுக்குத் தெரிவது உண்ணாத குதிரை.

பின்னர் பாட்டு தலைவியின் மாளிகைக்குத் திரும்புகிறது. அவளுக்கும் உறக்கம் இல்லை. தன்னைத் தானே தேற்றுகிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு தைத்த மயில்போல் நடுங்குகிறாள். இவ்வுவமையை அழகுக்காக வந்ததென்று எண்ணிப் பல ஆண்டுகள் கடந்து சென்றிருக்கிறேன். குதிரைமேல் பாய்ந்த அம்பும் மயில்மேல் தைத்த அம்பும் ஒரே பாட்டில் இருப்பது தற்செயலாகுமா? களத்தில் எய்த அம்பு வீட்டிலிருப்பவளையும் தைக்கும் என்பதைப் புலவர் விளக்கவில்லை, உவமையில் வைத்துவிட்டார். நச்சினார்க்கினியர் இப்பாட்டின் அடிகளைப் பிரித்தும் மாற்றிக் கூட்டியும் பொருள் கண்டார். மறைமலையடிகள் 1903இல் எழுதிய ஆராய்ச்சியுரையில் அம்முறையை மறுத்து, பாட்டு நடந்த முறையிலேயே படிக்க வேண்டும் என்றார். அவ்வாறு படித்தால்தான் குதிரைக்குப் பின் மயில் வருவது கண்ணில் படும்.

ஆக, இரண்டு உறக்கமின்மைகள். அவனுடையது இறந்தோரைப் பற்றியது; அவளுடையது அவனைப் பற்றியது. ஒருவரது இரவு மற்றவருக்குத் தெரியாது.

பாசறையில் வந்த உறக்கம்

ஓரிடத்தில் நான் நப்பூதனாரோடு மாறுபட வேண்டியிருக்கிறது. வெற்றி பெற்றபின் தலைவன் முரசு முழங்கும் பாசறையில் இனிது உறங்குகிறான் என்கிறார் அவர். போர் முடிந்தது, உறக்கம் வந்தது என்பது அவர் கணக்கு. அந்தப் பெண்மணி சொன்ன கணக்கு வேறு. "புயல் அடிச்ச அன்னைக்கு ராத்திரி ஊரையே அவருதான் பாத்துக்கிட்டாரு சாமி. மறுநாள் பூரா மரம் வெட்டினாங்க. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாரு. கரண்ட்டு வந்து எல்லாம் சரியானதும் பழையபடி திண்ணைதான்."

முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, கூரைகள் பறந்து, ஊரே கலங்கி நின்ற இரவில் அவருக்கு அமைதி இருந்தது. ஏனெனில் அது பாசறை. பக்கத்தில் தோழர் உண்டு. செய்யக் கட்டளை உண்டு. விழிப்பாயிருப்பதற்கு நியாயம் உண்டு. அமைதி திரும்பியதும் அந்த விழிப்புக்கு வேலை இல்லை. ஆனால் விழிப்பு போகவில்லை. புலவர் பொய் சொல்லவில்லை. பாசறையில் உறக்கம் வந்தது உண்மைதான். வீட்டில் வந்ததா என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவே.

நம் பிற்கால இலக்கியமும் அவ்வாயிலைத் தாண்டவில்லை. கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பு என்றொரு பகுதி உண்டு. ஊடி அடைத்த கதவைத் திறக்குமாறு மகளிரை அழைத்துச் செயங்கொண்டார் வெற்றிச் செய்தியைச் சொல்லத் தொடங்குகிறார். அவர்கள் ஏன் கதவை அடைத்தனர்? பிரிவாற்றாமையால் விளைந்த ஊடல் என்பது இலக்கிய மரபு தரும் விடை. அம்மரபுக்குள் அது இனிய விடையே. ஆயினும் கதவு திறந்தபின் பரணி காளி கோயிலுக்கும் பேய்க்கூட்டத்துக்கும் போர்க்களத்துக்கும் சென்றுவிடுகிறது, வீட்டுக்குள் நுழைவதில்லை. அப்போர் நிகழ்ந்த முதற்குலோத்துங்கன் காலத்துப் படைத்தலைவன் நரலோகவீரன். அவன் தில்லையிலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளைக் கல்வெட்டுப் பாடல்கள் வரிசைப்படுத்திப் புகழ்கின்றன. கல்லில் அவன் கொடை இருக்கிறது. அவன் இல்லம் இல்லை. கடலூரில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனின் 'முன்நிலவும் பின்பனியும்' கதையிலும், பட்டாளத்துக் குடும்பத்தின் முதியவர் பேரனைக் காணப் பனியில் இரயில் நிலையத்தில் காத்திருப்பதே உயிர்நிலை. காத்திருத்தலைப் பாடுவதில் நமக்கு நிகர் இல்லை. வந்தவரோடு வாழ்தலைப் பாடுவதில்தான் குறை.

கிரேக்கக் கவி ஹோமர் இங்கே ஓரடி முன்னே செல்கிறார். இருபது ஆண்டு கழித்து வந்த ஒடிசியஸை மனைவி பெனெலோபே உடனே ஏற்கவில்லை. சோதித்தறிந்த பின்னரே ஏற்கிறாள். அதன்பின் இருவரும் தாம் பட்ட துன்பங்களை ஒருவருக்கொருவர் சொல்கின்றனர். அவர்களுக்காக விடியலே நிறுத்திவைக்கப்படுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவம் செய்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இலும் 2002இலும் வெளியிட்ட இரு நூல்களில் ஹோமரின் காவியங்களைத் தம் நோயாளரின் அனுபவங்களோடு ஒப்புநோக்கினார். பழைய காவியம் மருத்துவமனைக்குள் நுழைய முடியும் என்பதற்கு அது சான்று.

அரண்மனை வாயிலில் ஒருவன்

விவிலியத்திலும் இவ்வாயிற்காட்சி உண்டு. சாமுவேல் இரண்டாம் நூல் 11ஆம் அதிகாரத்தில், தாவீது தம் பாவத்தை மறைக்கும்பொருட்டுப் போர்க்களத்திலிருந்து உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார். உரியா போகவில்லை. தோழர்கள் வெட்டவெளியில் பாளையமிறங்கியிருக்க, தான் மட்டும் வீட்டுக்குச் சென்று உண்டு குடித்து மனைவியோடிருப்பதா என்று கேட்டு, அரண்மனை வாயிலிலேயே படுத்துக்கொள்கிறார். அவருடைய கடமையுணர்வைப் புகழ்ந்து நானும் மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவ்வுணர்வு போற்றத்தக்கதே. ஆயினும் திண்ணையில் அமர்ந்திருந்த அம்மனிதரைக் கண்டபின் அந்த அதிகாரம் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. தோழர் வெளியே கிடக்க, நான் உள்ளே உறங்குவது எப்படி? அத்தோழர் இறந்தே போயிருந்தால் இக்கேள்வி எந்நாளில் முடியும்?

இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம், புதிதாய் மணம் புரிந்தவனைப் போருக்கு அனுப்பாமல், ஓராண்டு வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்கும்படி விட்டுவிடக் கட்டளையிடுகிறது. போரும் இல்லறமும் ஒன்றையொன்று தொடும் என்பதை அன்றே அறிந்த சட்டம் அது.

புண்ணைக் காத்த வீடு

அப்படியாயின் நம் மரபில் மருந்தே இல்லையா? உண்டு. அது புறநானூற்றில், அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டில் இருக்கிறது. விழுப்புண்பட்டு வந்த வீரன் வீட்டில் கிடக்கிறான். ஒருத்தி தன் அன்புத் தோழியை அழைக்கிறாள்: இரவ மரத்தின் தழையும் வேம்பும் வீட்டில் செருகுவோம், யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்கச் செய்வோம், வெண்சிறுகடுகு தூவுவோம், குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, மணப்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம். புண்பட்டவனைப் பேய் தீண்டாவண்ணம் காப்பதைத் தொல்காப்பியர் தொடாக் காஞ்சி என்ற துறையாகவே வகுத்திருக்கிறார்.

இதில் மூன்று செய்திகளை உற்று நோக்கவேண்டும். முதலாவது, மருத்துவம் புண்பட்டவனுக்கு மட்டும் நடக்கவில்லை; வீடே மருந்தாக மாறுகிறது. இரண்டாவது, அவள் தனியே காக்கவில்லை, தோழியை அழைக்கிறாள். மூன்றாவது, வீரனுக்குப் புண் இருப்பதை ஒளிக்கவில்லை. மணியடித்து ஊரறியச் செய்கிறாள். இம்மூன்றும் அந்தப் பெண்மணிக்கு மறுக்கப்பட்டிருந்தன. கணவரின் புண் கண்ணுக்குத் தெரியாதது. எனவே அது புண்ணாகவே எண்ணப்படவில்லை. குடிப்பழக்கமா, கோபக்காரரா, பேய்பிடித்ததா என்றுதான் அக்கம்பக்கம் பேசிற்று.

அப்புண்ணுக்கு இன்று பெயர் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதனை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. நடந்தது மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் தவிர்த்தல், மனம் இருண்டு உறவில் மரத்துப்போதல், எந்நேரமும் காவல்காரன்போல் விழித்திருத்தல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின் அது நோய், குணக்கேடு அன்று. போர்முனை சென்றவர் அனைவருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆனால் வந்தவருக்கு மருந்தும் உண்டு, பேச்சுவழி மருத்துவமும் உண்டு.

அதனோடு குடும்ப மருத்துவமும் சேரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். குடும்ப மருத்துவம் என்றவுடன், யார் குற்றவாளி எனத் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து என்று நம்மவர் அஞ்சுகின்றனர். அது அவ்வாறன்று. அவர் ஒதுங்குகிறார், அவர் ஒதுங்குவதால் இவர் அஞ்சிப் பிள்ளைகளை வாயடைக்கிறார், வீடு மௌனமாவதால் அவர் மேலும் ஒதுங்குகிறார். இந்தச் சுழற்சியைத்தான் மருத்துவர் நோயாகக் கொள்கிறார், ஆளை அன்று. ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாது கேட்டு, தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தவிர்த்துவந்த கடைவீதிக்கும் திருவிழாவுக்கும் இருவரும் சேர்ந்து சிறிது சிறிதாகச் செல்லப் பழகவேண்டும். இது மேனாட்டு இறக்குமதியும் அன்று. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் குடும்பத்தாரைக் கூடாரமிட்டு உடன் தங்கவைத்து மருத்துவம் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் உறவினர் நோயாளரோடு தங்குவதை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கொண்டது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அடி விழும் வீட்டில் முதற்கடமை அடிபடுபவரின் பாதுகாப்பு. பொறுமை எனும் புண்ணியத்தின் பெயரால் ஒரு பெண்ணை அடிக்கு ஆட்படுத்த நமக்கு உரிமை இல்லை.

மன்னிப்பும் மருந்தும்

அந்தப் பெண்மணி ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்தபோது நான் நற்சொல் சொல்லவில்லை. சிதம்பரத்திலிருந்த ஒரு மனநல மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். மருத்துவர் முதலில் அவரைத் தனியே அழைத்து, வீட்டில் அச்சம் உண்டா என்று கேட்டறிந்தார். அதன்பிறகு பதினைந்து நாளுக்கொருமுறை என ஓராண்டுக்கு மேலாக இருவரும் பேருந்தில் சென்று வந்தனர்.

ஒருநாள் மருத்துவர் அம்மனிதரிடம், நீங்கள் திண்ணையில் இருக்கும்போது உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டாராம். தூங்குகிறாள், அவள் தூக்கம் கெடக்கூடாதென்றுதான் வெளியே போகிறேன் என்றார் அவர். அப்போதுதான் அவர் மனைவி சொன்னாராம்: "நான் ஒரு நாளும் தூங்கினதில்ல. தூங்கற மாதிரி படுத்திருப்பேன்." பதினோரு ஆண்டுகள், ஒரே சுவரின் இருபுறமும், இருவரும் ஒருவருக்காக ஒருவர் விழித்திருந்தனர். நப்பூதனார் பாடிய இரண்டு இரவுகளும் அன்றுதான் சந்தித்தன.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, மனைவி அருகிலிருக்க, யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தார். "என்கூட நின்னவங்களுக்கு அந்த அழுகை வெறும் சத்தம். எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது" என்றாராம்.

இத்தகைய காயத்தை அறக்காயம் எனலாம். இங்கே குருவானவருக்கும் வேலை உண்டு. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், போரில் கொல்வது கொலையாக எண்ணப்படவில்லை என்று ஒப்புக்கொண்டபோதிலும், கைகறை தீர மூன்றாண்டு நற்கருணையிலிருந்து விலகியிருத்தல் நன்றென ஆலோசனை கூறினார். அவ்வொழுங்கு இன்று நமக்கில்லை. எனினும் கட்டளைப்படி செய்த செயலும் மனச்சான்றில் கனக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு. காயத்துக்கு மருந்து வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றையும் கொடுத்ததாக எண்ணுவதே என்போன்றோர் செய்யும் தவறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' எனும் ஏடு, மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியல் முதலிய அறிவியல்களின் முடிவுகளையும் பயன்படுத்தப் பணிக்கிறது. குடும்ப நலத்துக்கு உளவியலாரின் உதவியையும் நாடுகிறது. 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த இஞ்ஞாசியாரும், மருத்துவர் கையிலும், அண்ணியார் மகதலேனாவின் பராமரிப்பிலும், புத்தகங்களின் துணையிலும் சொந்த வீட்டில்தான் தேறினார். இறையருள் அவ்வீட்டைத் தாண்டிக் குதித்து வரவில்லை. அதன் வழியாகவே வந்தது.

எனவே, அன்பியக் கூட்டங்களில் இத்தகைய குடும்பங்களைப் பற்றிப் பேசுவதை விடுத்து, அவர்களோடு பேசுவோம். அருகிலுள்ள மனநல மருத்துவர் யார் என்று ஒவ்வொரு பங்கும் அறிந்துவைத்திருக்கட்டும். 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவி 2022 முதல் இயங்கிவருகிறது. படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் என ஒரு தனிப்பிரிவு 2023 டிசம்பரில் புணேயில் தொடங்கப்பட்டது. கடலூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை ஓய்வூதியத் தாள்களுக்காக மட்டும் நாடவேண்டும் என்பதில்லை.

அவர் முற்றிலும் குணமடைந்துவிட்டார் என்று எழுதினால் அது பரணியாகிவிடும். இன்றும் வெடிச்சத்தம் அவருக்கு ஆகாது. சில இரவுகளில் திண்ணைக்கு வருகிறார். ஆனால் இப்போது திண்ணையில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். சில நாள் பேசுகின்றனர். சில நாள் பேசுவதில்லை. நப்பூதனார் நிறுத்திய இடத்திலிருந்து எழுதப்படாமல் இருக்கும் பாட்டு அதுதான். அதனை எழுதும் புலவர் நம்மிடையே தோன்றுவாராக. அதுவரை, தேர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து நாம் கலைந்துபோகாமல் இருப்போமாக.